வளர்ச்சிப் பொருளியல் படிக்கப் போகிறேன்: முதலில் கணக்கா, களமா?

புதுத்தடம் கேட்டது:

வணக்கம். இளநிலையில் கணிதம் முடித்திருக்கிறேன். அடுத்து முதுநிலைக்கு வளர்ச்சிப் பொருளியல் என்று முடிவு செய்து இடமும் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கிறது, அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பாடத்தின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு விஷயம். 1950களின் கடைசியில் கானாவும் தென் கொரியாவும் தலா வருமானத்தில் ஏறக்குறைய ஒரே படியில் நின்றன, இன்றைக்கு இரண்டுக்கும் நடுவே பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் இப்படி ஆனது என்று யாராவது சொல்லித்தருவார்கள் என்று நம்பி இளநிலையிலேயே இதை விருப்பப் பாடமாக எடுத்தேன். கிடைத்தது, வளர்ச்சி குன்றிய நாடுகளின் இயல்புகள் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். வருமானம் குறைவு, மக்கள்தொகைப் பெருக்கம் அதிகம், விவசாயத்தை நம்பியிருத்தல், மூலதனம் போதாமை, இப்படி. மனப்பாடம் செய்து எழுதினேன், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனால் ஏழ்மை ஏன் என்று கேட்டால் ஏழ்மையின் அடையாளங்களைத்தான் திருப்பிச் சொல்லத் தெரிகிறது.

இப்போது யோசனை கேட்ட இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர், "முதலில் நுண்பொருளியலும் எக்கனாமெட்ரிக்ஸும் (பொருளியல் தரவுகளை அலசும் புள்ளியியல்) கெட்டியாகப் படி, நாடுகளைப் பற்றி அப்புறம் தெரிந்துகொள்ளலாம்" என்கிறார். இன்னொருவர், "கிராமத்தில் போய் நாலு மாதம் உட்கார், கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இந்தத் துறையில் இருப்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

அளவுகோல் எழுதியது:

நான் பல வருடம் குடும்பக் கணக்கெடுப்புகளில் வேலை பார்த்தவன், முதலில் படிவம் நிரப்பும் ஆளாக, அப்புறம் மேற்பார்வையாளராக. உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை கணக்கும் இல்லை, களமும் இல்லை. ஒரு எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் நடந்தது இது. நுகர்வுப் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கடந்த 30 நாளில் வீட்டில் எவ்வளவு செலவானது என்று கேட்டு எழுத வேண்டும். எண்ணெய்க்கு வந்தபோது அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடி மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, "வாங்கும்போது இது வரைக்கும் இருந்துச்சு, இப்போ இங்கே இருக்கு. நடுவுல நாத்தனாருக்குக் கொஞ்சம் ஊத்திக் கொடுத்தேன், ஒரு நாள் விருந்தாளி வந்தாங்க, அப்புறம் சின்ன பாட்டில் ஒண்ணு தனியா வாங்கினோம்" என்றார். என் கையில் இருந்த படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவருக்குத் தன் வீட்டுக் கணக்கு துல்லியமாகத் தெரியும். எங்கள் கேள்விதான் அந்தக் கணக்கின் வடிவத்தில் இல்லை.

அந்தக் கட்டத்தில் நான் எழுதிய எண்ணும் ஆயிரக்கணக்கான வீடுகளின் எண்களும் சேர்ந்துதான், இந்த நாட்டில் இத்தனை சதவீதம் பேர் வறுமையில் என்று செய்தியாக வருகிறது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலேயே எவ்வளவு மாறும் என்பதற்கு இந்தியாவின் கதையைப் பாருங்கள். அங்கே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950ல், புள்ளியியலாளர் மகலனோபிஸ் முன்னின்று தொடங்கியது. வழக்கமாக 30 நாள் கணக்குக் கேட்பார்கள். 1990களின் நடுவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பழையபடி 30 நாள், மறுபாதியில் உணவுக்கு 7 நாளும் துணிமணி போன்றவற்றுக்கு ஒரு வருடமும் என்று கேட்டார்கள். அதே நாடு, அதே காலம். இரண்டாவது வகைப் படிவத்தில் நுகர்வு கூடுதலாகப் பதிவானது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்!

பிறகு 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள் கேள்வியையும் 30 நாள் கேள்வியையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதிலை மனதில் வைத்து இன்னொன்றையும் பொருத்திச் சொல்வது மனித இயல்பு, எழுதுகிறவரும் அப்படித்தான் செய்வார். 1993-94ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆக இறங்கிவிட்டது என்று அதிகாரப்பூர்வக் கணக்கு வந்தது. பொருளாதாரச் சீர்திருத்தம் பலன் தந்ததா இல்லையா என்று வருடக்கணக்கில் சண்டை. எல்லாச் சுற்றிலும் மாறாமல் 30 நாளாகவே கேட்கப்பட்ட எரிபொருள் போன்ற செலவுகளைப் பிடித்துக்கொண்டு ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளியலாளர் மற்றதைத் திருத்திப் பார்த்தார். வறுமை குறைந்தது உண்மை, அறிவித்த அளவுக்கு இல்லை என்று வந்தது. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்! அது தோன்ற வேண்டும் என்றால் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கானாவைச் சொன்னீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2010 நவம்பரில் கானாவின் புள்ளியியல் துறை கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்தத் தொழிலுக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிக்கும் ஆண்டை, 1993லிருந்து 2006க்கு மாற்றியது. மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே நாளில் ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிட்டது. அதற்கு முந்தைய நாள் இருந்த கடைகள், போன்கள், லாரிகள்தான் அடுத்த நாளும் இருந்தன, பழைய கணக்கில் அவற்றுக்குச் சரியான எடை இல்லை, அவ்வளவுதான். நைஜீரியா 2014ல் இதையே செய்தபோது 89 சதவீதம் கூடி, ஆப்பிரிக்காவிலேயே பெரிய பொருளாதாரம் என்று தென் ஆப்பிரிக்காவைத் தாண்டியது. ஆக, கானாவுக்கும் கொரியாவுக்கும் பத்து மடங்கு இடைவெளி என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பத்தில் எவ்வளவு நிஜமான இடைவெளி, எவ்வளவு எண்ணும் முறையின் இடைவெளி என்று கேட்கப் பழகுங்கள். இடைவெளி நிச்சயமாக இருக்கிறது, ஆனாலும் கேளுங்கள்.

வரைபடம் எழுதியது:

அளவுகோல் சொன்னதை எல்லாம் மதிக்கிறேன், ஆனால் தொடங்கும் இடம் அது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பாடத்தை நிறைய வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், எண்களில் தொடங்கும் மாணவர்கள் பாதி வழியில் தொலைந்துபோகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் படிவத்தைப் பார்த்தால் அது வெறும் படிவம்.

ஒரு உதாரணம் போதும். நகரத்தில் வேலையில்லாதவர்கள் அதிகமாகிவிட்டார்கள், என்ன செய்வது? யாரைக் கேட்டாலும் நகரத்தில் நிறைய வேலைகளை உருவாக்குங்கள் என்பார்கள். 1970ல் ஹாரிஸ், டோடாரோ என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆப்பிரிக்க நகரங்களைப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கோட்பாட்டு மாதிரி (மாடல்) எழுதினார்கள். கிராமத்தில் கூலி 100, நகரத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குப் போனால் வேலை கிடைக்க இரண்டில் ஒரு வாய்ப்பு என்றால், போகிறவர் எதிர்பார்ப்பது சராசரியாக 100, கிராமத்துக்குச் சமம், அங்கே இடப்பெயர்வு நின்றுவிடும். அதாவது நகரத்தில் வேலை தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லாத நிலையே சமநிலை. இப்போது அரசு நகரத்தில் புதிதாக 1,000 வேலை கொடுக்கிறது. வாய்ப்பு கூடுகிறது, கிராமத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பழைய சமநிலை திரும்புகிற வரை வருகிறார்கள். 1,000 வேலைக்கு 2,000 பேர் வந்து சேர்கிறார்கள். வேலை கொடுத்த பிறகு வேலையில்லாதவர்கள் 1,000 பேர் கூடிவிட்டார்கள்! கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், ஆனால் இதை யாரும் களத்தில் நின்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆர்தர் லூயிஸின் 1954 கட்டுரையையும் இந்த ஆறு மாதத்தில் மெதுவாகப் படியுங்கள். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர், 1979ல் நோபல் வாங்கியவர். தொழில் வளர்ந்தும் கூலி ஏன் நீண்ட காலம் ஏறவில்லை என்ற புதிர் பல வருடம் அவர் மனதில் கிடந்தது, 1952ல் பாங்காக்கில் தெருவில் நடந்துபோகும்போது விடை சட்டென்று தோன்றியது என்று அவரே எழுதியிருக்கிறார். விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கும் வரை, தொழிற்சாலை கூலியை உயர்த்தாமலே ஆள் எடுத்துக்கொண்டே போகலாம், லாபம் திரும்ப முதலீடாகும், அந்த உபரி ஆட்கள் தீரும் இடத்தில்தான் கூலி ஏறத் தொடங்கும். நீங்கள் தூக்கமில்லாமல் யோசித்த கொரியாவின் கதையில் ஒரு பெரிய துண்டு இந்த யோசனைக்குள் இருக்கிறது. சமன்பாடு அதிகம் இல்லாத கட்டுரை, பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விவசாயத்தில் ஒரு பழைய புதிர் உண்டு. பண்ணை சின்னதாக இருந்தால் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், பெரிதாக ஆக ஆகக் குறைகிறது. இந்தியத் தரவுகளை வைத்து அமர்த்திய சென் 1962லேயே இதைப் பேசினார். சின்ன விவசாயி குடும்பத்து ஆட்களையே வைத்து வேலை செய்கிறார், அவர்களுக்கு வெளியே வேலை சுலபமாகக் கிடைப்பதில்லை, அதனால் தன் நிலத்திலேயே கூடுதல் உழைப்பைப் போடுகிறார் என்பது விளக்கம். ஆள் சந்தை சரியாக இயங்கவில்லை என்று ஒரு வயலின் விளைச்சலைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோட்பாடு கொடுக்கும் கண் இதுதான்.

அளவுகோல் எழுதியது:

வரைபடம் ஐயா, அந்த உதாரணத்தை எடுத்தீர்களே, அதையே நானும் பிடித்துக்கொள்கிறேன்.

அந்தப் புதிரில் இரண்டு எண்கள் இருக்கின்றன, விளைச்சல் ஒன்று, நிலத்தின் பரப்பு ஒன்று. இரண்டையுமே விவசாயியிடம் வாயால் கேட்டுத்தான் பல காலம் எழுதிக்கொண்டிருந்தோம். பரப்பைச் சொல்வதில் தப்பு வருகிறது என்று சந்தேகப்பட்டு உகாண்டா தரவில் ஜி.பி.எஸ் அளவோடு ஒப்பிட்டார்கள், 2013ல் அந்த ஆய்வு வந்தது. சின்ன நிலக்காரர்கள் தங்கள் நிலத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். திருத்திப் பார்த்தால் புதிர் மறையவில்லை, இன்னும் பலமானது. சரி, புதிர் நிஜம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம்தான் இன்னொரு எண்ணைத் தொட்டார்கள். எத்தியோப்பியாவில் வயலில் ஒரு சின்னச் சதுரத்தைக் கயிறு கட்டிக் குறித்து, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போடும் முறையில் எடுத்த அளவு இருந்தது. 2018ல் வந்த ஆய்வு அதை விவசாயிகள் வாயால் சொன்ன விளைச்சலோடு வைத்துப் பார்த்தது. சின்ன நிலங்களில் விளைச்சலைக் கூட்டியும், பெரிய நிலங்களில் குறைத்தும் சொல்லியிருக்கிறார்கள். எடை போட்ட அளவை வைத்தால் அந்த எதிர்மறை உறவே காணாமல் போய்விட்டது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலச் சீர்திருத்தம் வரைக்கும் இழுத்துப் பேசப்பட்ட ஒரு விஷயம். ஆள் சந்தை பற்றிய உங்கள் விளக்கம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. கயிறும் தராசும் கொண்டு போய் நிற்காமல் அந்த விளக்கத்தின் மேல் மாடி கட்டிக்கொண்டே போனோம் என்பதுதான் என் ஆதங்கம்.

வரைபடம் எழுதியது:

நியாயமான பேச்சு, அந்த எத்தியோப்பிய ஆய்வை நானும் வகுப்பில் எடுத்துச் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கயிறு கட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கு ஏன் தோன்றியது? அந்த உறவு உண்மை என்றால் இன்ன இன்ன பொருள் வரும் என்று கோட்பாடு சொல்லி வைத்திருந்ததால்தான் அதை இவ்வளவு பேர் விடாமல் துரத்தினார்கள். இல்லாவிட்டால் அது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு அட்டவணை.

புதுத்தடம் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எத்தியோப்பியா கதையை இரண்டு தடவை படித்தேன். கணிதம் படித்தவன் என்பதால், அளவில் பிழை என்றால் அங்கும் இங்குமாக விழுந்து சராசரியில் அடிபட்டுப்போகும் என்றே நினைத்துப் பழகிவிட்டேன். பிழைக்கே ஒரு திசை இருக்கலாம், அதுவும் ஏழையிடம் ஒரு திசை, வசதியானவரிடம் எதிர்த் திசை என்பது எனக்குப் புதிது.

இன்னொரு சந்தேகம். இப்போது இந்தத் துறையில் எல்லாமே சோதனைகள்தான், பாதிப் பேருக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்து மீதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது, அதைக் கற்றுக்கொண்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். 2019 நோபலும் அதற்குத்தானே. அப்படியா?

தென்றல்வாணி எழுதியது:

அந்த மாதிரிச் சோதனை ஒன்றில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

போதாது. ஆனால் அந்த முறை ஏன் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990களில் கென்யாவின் மேற்குப் பகுதியில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2019ல் பானர்ஜி, டுஃப்லோ இருவரோடு நோபல் பகிர்ந்த மைக்கேல் கிரெமர் அதில் ஒருவர். பல பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்று இருந்த இடம், எனவே புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சராசரி ஏறவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் இருந்தது. ஏன் என்று தோண்டினால், புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பிள்ளை புத்தகத்தைத் திறந்து பார்க்கிறது, வாசிக்க முடியவில்லை, மூடி வைக்கிறது. பாடத்திட்டமே முன்வரிசைப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பது ஒரு புத்தக விநியோகச் சோதனையில் வெளியே வந்தது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளைத் தோற்றவர்கள் என்று அதுவரை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது அதே கென்யாவில், புசியா என்ற மாவட்டத்தில், 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை. வராமல் இருக்கும் பிள்ளைகளின் விகிதம் கால் பங்கு குறைந்தது என்று 2004ல் எழுதினார்கள். அதில் நுட்பமான இடம், ஒரு பிள்ளைக்குப் புழு நீங்கினால் அது பக்கத்துப் பிள்ளைக்கும் பரவாது, எனவே மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் பலன் போகிறது. ஒரே பள்ளிக்குள் பாதிப் பேருக்குக் கொடுத்து ஒப்பிட்டிருந்தால் பலன் குறைவாகவே தெரிந்திருக்கும், அதனால்தான் பள்ளி பள்ளியாகப் பிரித்தார்கள். 2015ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை வாங்கி முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பிழைகளைக் காட்டினார்கள், எந்த முடிவு தாங்கும், எது தாங்காது என்று பெரிய விவாதம் நடந்தது. நீங்கள் இரண்டு பக்கத்தையும் படிக்க வேண்டும். எக்கனாமெட்ரிக்ஸ் ஏன் தேவை என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கே போதாது என்றால், கொரியாவின் கதையைச் சீட்டுக் குலுக்கிச் சோதிக்க முடியாது. ஒரு நாட்டின் நாணய மதிப்பு, ஏற்றுமதிக் கொள்கை, நிலச் சீர்திருத்தம், இதற்கெல்லாம் ஒப்பிட இன்னொரு கொரியா கிடையாது. ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்குமா என்பது அடுத்த பிரச்சினை, டீட்டன் இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர். சோதனையே செய்யாமல் நடந்த நிகழ்ச்சியை வைத்து அளக்கும் வழியும் உண்டு. இந்தோனேசியா எண்ணெய்ப் பணத்தில் 1973லிருந்து 1978க்குள் 61,000க்கு மேல் தொடக்கப் பள்ளிகள் கட்டியது. சில மாவட்டங்களில் அதிகம், சிலவற்றில் குறைவு. பள்ளி வந்தபோது சின்ன வயதில் இருந்தவர்களையும், அதற்குள் பள்ளி வயதைத் தாண்டிவிட்டவர்களையும், அதிகம் கட்டிய மாவட்டம், குறைவாகக் கட்டிய மாவட்டம் என்று பிரித்து ஒப்பிட்டு, கூலி எவ்வளவு ஏறியது என்று டுஃப்லோ 2001ல் எழுதினார். அதை வரிவரியாகப் படியுங்கள்.

உங்கள் கணிதம் வீண் போகாது. ரிக்ரஷன், அதாவது தரவுக்கு ஒரு கோட்டைப் பொருத்துவது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான், ஒரு வெக்டரை ஒரு துணைவெளியின் மேல் செங்குத்தாக வீழ்த்துவது. பொருளியல் மாணவர்கள் பலர் அதைச் சூத்திரமாக மட்டும் வைத்திருப்பார்கள், உங்களுக்குப் படமாகவே தெரியும். நிகழ்தகவும் புள்ளியியலும் மட்டும் துருப்பிடித்திருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். என் வேலையில் பத்து மணி நேரத்தில் எட்டு மணி நேரம் தரவைச் சுத்தம் செய்வதிலேயே போகிறது, ஒரே வீட்டுக்கு இரண்டு எண், 200 வயதுக் குழந்தை, அப்பாவைவிட மூத்த மகன், இப்படி. வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். உலக வறுமை பற்றிப் பானர்ஜியும் டுஃப்லோவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழகத்துக்காக எடுத்த இணையப் பாடம் ஒன்று உண்டு, அதையும் பார்க்கலாம்.

அளவுகோல் எழுதியது:

தென்றல்வாணி சொன்னது அத்தனையும் சரி. நான் ஒன்றுதான் சேர்ப்பேன், ஏதாவது ஒரே ஒரு ஊரை முழுசாகப் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் பக்கம் பாலன்பூர் என்று ஒரு கிராமம், 1957-58லிருந்து பல தடவை அங்கே போய் எல்லா வீடுகளையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1974-75ல் பொருளியலாளர்கள் கிறிஸ்டோபர் பிளிஸ்ஸும் நிக்கோலஸ் ஸ்டெர்னும் போனார்கள், பின்னால் ழான் திரேஸ், பீட்டர் லான்ஜோ எல்லோரும். குத்தகை, கடன், கோதுமை என்று தொடங்கிய ஆய்வு. போகப் போக அந்த வீடுகளின் வருமானம் வயலை விட்டு நகர்ந்து செங்கல் சூளைக்கும் பக்கத்து ஊர்களின் வேலைகளுக்கும் போவது தெரியும். லூயிஸ் 1954ல் சொன்னதில் எது நடந்தது, எது அவர் சொன்ன மாதிரி நடக்கவில்லை என்று வீடு வீடாகப் பார்க்கலாம். ஆட்கள் வேலைக்கு வெளியே போனார்கள், ஆனால் பலர் ஊரை விட்டுப் போகவில்லை, போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். வரைபடம் ஐயாவுக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

வரைபடம் எழுதியது:

பிடிக்கும், இதில் நமக்குள் சண்டையே இல்லை. புதுத்தடம், லூயிஸை முதலில் படியுங்கள், பாலன்பூரை அடுத்து, அப்புறம் மறுபடியும் லூயிஸை. இரண்டாவது தடவை வேறு கட்டுரையாகத் தெரியும்.

புதுத்தடம் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லூயிஸ் முடித்துவிட்டேன். உலக வங்கியின் தரவுத் தளத்தில் பதிவு செய்து மலாவி நாட்டின் குடும்பக் கணக்கெடுப்பை இறக்கினேன், அளவுகோல் சொன்னபடி தரவைத் திறக்காமல் முதலில் படிவத்தையே படித்தேன். கடந்த ஒரு வாரத்தில் சாப்பிட்டது எவ்வளவு, அதில் வாங்கியது எவ்வளவு, சொந்த நிலத்தில் விளைந்தது எவ்வளவு, யாராவது கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். நாத்தனாருக்கு ஊற்றிக் கொடுத்த எண்ணெய் ஞாபகம் வந்தது. இந்தப் படிவத்தில், வாங்கிக்கொண்ட அந்த வீட்டிலாவது அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அளவு என்ற பத்தியில் கிலோ தவிர வாளி, குவியல், கட்டு என்றெல்லாம் இருக்கிறது. குவியலிலேயே சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று. ஒரு குவியல் எத்தனை கிலோ என்று எப்படி முடிவு செய்வது?

அளவுகோல் எழுதியது:

நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள், எல்லோரும் அங்கேதான் மாட்டுவார்கள்.

படம் காட்டிக் கேட்கிறார்கள். கணக்கெடுப்பவர் கையில் ஒரு புகைப்படத் தொகுப்பு இருக்கும், மூன்று அளவுக் குவியலையும் படமாகக் காட்டி, உங்கள் வீட்டுக்கு வந்தது இதில் எது மாதிரி என்று கேட்பார். எடை தனியாக வருகிறது. சந்தைகளுக்குப் போய் அந்தக் குவியலையும் வாளியையும் தராசில் வைத்து எடை போட்டு, பகுதிவாரியாக ஒரு மாற்று அட்டவணை தயார் செய்கிறார்கள், ஏனென்றால் ஒரு பகுதியில் விற்கும் குவியலும் இன்னொரு பகுதியில் விற்கும் குவியலும் ஒரே எடை இல்லை. நீங்கள் இறக்கிய கோப்புகளோடு அந்த அட்டவணையும் இருக்கிறதா என்று தேடுங்கள். பொருள், அளவு, பகுதி மூன்றையும் சேர்த்து இணைக்க வேண்டும், பொருளை மட்டும் வைத்து இணைத்தால் கணக்கு தப்பிவிடும்.

இணைத்த பிறகு சில வரிகளுக்கு எடை கிடைக்காமல் காலியாக நிற்கும். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். சொந்த நிலத்தில் விளைந்ததைச் சாப்பிடும் வீடுகள்தான் பெரும்பாலும் கிலோவில் பதில் சொல்லாதவை, கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் நீங்கள் தேடிப்போன ஆட்களே தரவிலிருந்து வெளியே போய்விடுவார்கள். முதலில் அந்தக் காலி வரிகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன, அந்த வீடுகளில் எத்தனை சொந்த விளைச்சலில் சாப்பிடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.